குடல் திலகம்

ஒரு நகரத்தின் நாகரிகத்தை அதன் கட்டடங்களை வைத்தோ நூலகங்களை வைத்தோ அளப்பது பழைய காலத்து வழக்கம். குடிமக்களின் குடலை வைத்து அளக்க வேண்டும் என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தது எங்கள் ஆலை. அந்த ஆலையின் 'நல்லெண்ணப் பிரிவு' அலுவலராக இருந்து, அந்த மகத்தான பணியில் என் அணில் பங்கைச் செய்தவன் என்ற உரிமையோடு இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆலை ஒரு பூச்சைத் தயாரிக்கிறது. வாணலியில் பூசினால் தோசை ஒட்டாது, முட்டை ஒட்டாது. சட்டையில் பூசினால் கறை ஒட்டாது. சோபாவில் பூசினால் குழந்தை கொட்டும் எதுவும் ஒட்டாது. அப்படிப்பட்ட பூச்சைத் தயாரிக்கும் ஆலையின் மேல் மட்டும் பழி ஒட்டிவிடுமா? ஒட்டவில்லை. நீண்ட காலம் வழுக்கிக்கொண்டே போனோம்.

பூச்சுக்குள் இருக்கும் ரசாயனம் சாகாவரம் வாங்கி வந்தது. மண்ணில் மக்காது, வெயிலில் சிதையாது, சாதாரண நெருப்புக்கு மசியாது. ஆலையின் பின்பக்கக் குழாய் வழியாக ஆற்றுக்குப் போகும். ஆற்றிலிருந்து நகராட்சித் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய்க்கு, குழாயிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு. அங்கே போய் உட்கார்ந்தால் அவ்வளவுதான். வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரன் ஆன கதை. காலி செய்ய ஆண்டுகள் ஆகும்.

சுகாதாரத் துறையினர் வந்து ஊராரின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "எல்லார் ரத்தத்திலும் உங்கள் பொருள் இருக்கிறது" என்றார்கள். எங்கள் தலைவர் நெகிழ்ந்துபோனார். "இதுதான்யா ரத்தத்துல கலந்த உறவு!" என்றார். அதையே சுவரொட்டியாக அடிக்கலாம் என்று நான் பரிந்துரைத்தேன். சட்ட ஆலோசகர் என் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றார்.

கழிவுநீர்ப் பொறியாளர் ஒருவர் எங்களிடம் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் நேராகச் சொல்லும் கெட்ட பழக்கம் உண்டு. "பின்பக்கக் குழாயில கரி வடிகட்டி வச்சா பெரும்பகுதி அங்கேயே நின்னுடும் சார்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். "பரிசீலிப்போம்" என்பார் தலைவர். எங்கள் அலுவலகத்தில் 'பரிசீலனை' என்பதும் அந்த ரசாயனம் மாதிரிதான். ஒருமுறை உள்ளே போனால் சிதையவே சிதையாது.

இப்படி ஊரும் ஆலையும் ஒரே ரத்தமாக வாழ்ந்துவந்த காலத்தில், என் மைத்துனி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள்.

மனைவிக்குத் தங்கை. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களை வளர்ப்பவள். மற்றவர்கள் நாய் பூனையைப் பற்றிப் பேசுவது போல பாக்டீரியாவைப் பற்றிப் பேசுவாள். சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"மாமா, உங்க கம்பெனிச் சரக்கு உடம்பை விட்டு ஏன் போக மாட்டேங்குது தெரியுமா? கல்லீரல் அதைப் பித்தத்தோட சேத்துக் குடலுக்கு அனுப்பிடுது. ஆனா குடல் அதைத் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே கொடுத்துடுது. சும்மா சுத்திச் சுத்தி வருது."

"அடடா, பாவம்" என்றேன். ரசாயனத்தைச் சொன்னேன்.

"இப்போ என்னன்னா, குடல்ல இருக்கிற சில பாக்டீரியா அதைத் தன் உடம்புக்குள்ள இழுத்து வச்சுக்குது. அப்புறம் அதோட சேந்து மலத்துல வெளிய போயிடுது. அந்த பாக்டீரியா இருக்கிற எலிகளுக்கு மலத்துல அதிகமா வெளியேறுது. நாங்க பாத்துட்டோம்."

"சாப்பிடுற இடத்துல பேசுற பேச்சாடி இது?" என்றாள் என் மனைவி.

எனக்கோ கை சோற்றிலேயே நின்றுவிட்டது. உலகின் பெரிய சிந்தனைகள் எல்லாம் பிறந்த இடம் வேறு வேறாக இருக்கலாம். எனக்கு அது ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் பிறந்தது. ஆற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று இத்தனை நாள் வம்படியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களே! ஆறு எதற்கு? ஆளைச் சுத்தம் செய்தால் போதாதா?

மறுநாள் கூட்டத்தில் இதைச் சொன்னேன். தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்தால் எல்லாரும் எழ வேண்டும் என்பதால் அறையே எழுந்தது.

"அப்போ பிரச்சினை நம்ம குழாயில இல்ல" என்றார்.

"இல்லை ஐயா" என்றோம்.

"அவங்க குழாயில இருக்கு."

இவ்வளவு சுருக்கமாக இந்தப் பிரச்சினையை அதுவரை யாரும் விளக்கியதில்லை. கைதட்டினோம். பொறியாளர் மட்டும் தட்டவில்லை.

"சார், ஒரு சந்தேகம். குடல்லேர்ந்து வெளிய போறது எங்க போகும்?"

"சாக்கடைக்கு."

"சாக்கடை?"

"ஆத்துக்கு."

"ஆத்துத் தண்ணி?"

யாரோ ஒருவர் தாழ்ந்த குரலில், "குழாய்க்கு" என்றார்.

தலைவர் சற்று யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "அப்போ எதுவுமே வீணாகலைன்னு சொல்லுங்க! மறுசுழற்சி!" என்றார். சுற்றுச்சூழல் விருதுக்கு விண்ணப்பிக்க ஒரு துணைக்குழு அங்கேயே அமைக்கப்பட்டது.

அடுத்து ஒரு மொழிச் சிக்கல். இயக்கத்தின் மையப்பொருளை அதன் பெயரால் அழைப்பது தலைவருக்குப் பிடிக்கவில்லை. காலை வேளையில் சிற்றுண்டியோடு நடக்கும் கூட்டம் அது. எனவே இனி எல்லாக் கோப்புகளிலும் 'திண்ம ஒத்துழைப்பு' என்றே குறிப்பிட வேண்டும் என்று சுற்றறிக்கை போட்டோம். 'மனம்போல் மலம்' என்ற என் முழக்கம் இந்தக் காரணத்தால்தான் தோற்றது. அதற்குப் பதில் 'உள்ளே அனுப்புவது எங்கள் கடமை. வெளியே அனுப்புவது உங்கள் பொறுப்பு' என்பது ஏற்கப்பட்டது. அதுவும் என்னுடையதே.

'குடல் ஒத்துழைப்பு இயக்கம்' வெகு விமரிசையாகத் தொடங்கியது. வீடு வீடாக மாத்திரை கொடுத்தோம். உள்ளே என்ன பாக்டீரியா என்று கேட்டவர்களிடம் "நல்ல பாக்டீரியா" என்றோம். ரத்தம் எடுத்து அளந்தோம். ஊர் மக்களை மூன்று தரமாகப் பிரித்தோம்: 'முன்மாதிரிக் குடல்', 'முயலும் குடல்', 'ஒத்துழையாக் குடல்'. ரத்தத்தில் ரசாயனம் அதிகம் இருந்தவர்களின் வீட்டுக்கு ஆலையிலிருந்து ஒரு கடிதம் போகும். 'தங்கள் குடல் எதிர்பார்த்த அளவுக்கு ஒத்துழைக்கவில்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் குடும்பத்தார் தங்களுக்கு எடுத்துச் சொல்வார்கள் என நம்புகிறோம்.'

அதிசயம் என்னவென்றால், அதுவரை ஆலை வாசலில் கொடி பிடித்துக்கொண்டு நின்ற கூட்டம் மெல்ல மெல்லக் கரைந்தது. மனிதனுக்குத் தன் வயிற்றின் மேல் குற்ற உணர்ச்சி வந்துவிட்டால் அடுத்தவனைக் குறை சொல்ல வாய் வராது. எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் முன்பெல்லாம் "உங்க ஆலை நாசமாப் போக" என்று வாழ்த்துவார். இப்போது தலையைக் குனிந்துகொண்டு, "முயற்சி பண்ணிக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றார். பெண் கேட்டு வந்தவர்கள், "பையனுக்கு நல்ல வேலை, சொந்த வீடு, முன்மாதிரிக் குடல்" என்று அடுக்கினார்கள்.

மைத்துனி மட்டும் தொலைபேசியில் கத்தினாள்.

"மாமா! நான் பாத்தது எலியில. எலியில! மனுஷங்க விஷயத்துல இன்னும் ஒண்ணுமே நிரூபணமாகல. அதுவும் தினம் தினம் உள்ள ஊத்திக்கிட்டே இருந்தா எந்தப் பாக்டீரியாதான் என்ன பண்ணும்? ஓட்டைப் படகுல தண்ணிய மொண்டு வெளிய ஊத்துற மாதிரி. முதல்ல ஓட்டைய அடைங்க!"

எலிக்கும் ஊழியருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பது எங்கள் நிர்வாகத்தின் நெடுநாள் கருத்து என்பதை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். அவள் வைத்துவிட்டாள்.

பிறகு பள்ளிக்கூடங்களுக்குப் போனோம். பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்து, சட்டையில் குத்திக்கொள்ள வண்ணப் பொத்தான் கொடுத்தோம். பச்சை, மஞ்சள், சிவப்பு. என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பந்து எறிவதில் பள்ளியிலேயே அவள்தான் முதல். சிவப்புப் பொத்தானோடு வீட்டுக்கு வந்தாள்.

அவள் வகுப்பிலேயே அவளுக்குத்தான் அளவு அதிகம். இந்த ரசாயனம் ஏற்றிவிடும் என்கிற ரத்தக் கொழுப்பும் அந்த வயதுக்கு இருக்கக் கூடாத அளவில் இருந்தது. "கவனமா பாத்துக்குங்க" என்றார் குடும்ப மருத்துவர். எதைக் கவனமாகப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நான் ஆலையில் வேலை செய்பவன் என்பது அவருக்குத் தெரியும்.

சில நாள் கழித்து ஒரு காலை. பள்ளி வண்டி வாசலில் வந்து ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. மகளைக் காணோம். குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மனைவி தட்டினாள்.

"இன்னும் என்னடி பண்றே? வண்டி போயிடும்!"

கதவு திறக்கவில்லை. நான் தட்டினேன்.

"என்னம்மா, வயித்து வலியா?"

"இல்லப்பா." குரல் அழுது தேய்ந்திருந்தது. "எனக்கு வர மாட்டேங்குது. நான் சரியாப் பண்ணலையா? டீச்சர் சொன்னாங்க, மனசு வச்சா எல்லாருக்கும் பச்சை வருமாம்."

'மனம் வைத்தால் பச்சை' என்பது ஆசிரியர்களுக்கான கையேட்டில் உள்ள வாசகம். கையேட்டை எழுதியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

வண்டி போய்விட்டது. மனைவி கதவில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தாள். திட்டினால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் திட்டவில்லை. "நீங்க நேரமாச்சுன்னா கிளம்புங்க" என்றாள்.

இந்த நிலையில்தான் இயக்கத்தின் பொன்னாள் வந்தது.

புகைப்படத்துக்காகத் தலைவரும் ஒருநாள் ரத்தம் கொடுத்திருந்தார். அதன் முடிவு வந்தது. ஆலையின் மருத்துவ ஆலோசகர் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு கூட்ட அறைக்குள் ஓடி வந்தார். கண்ணில் நீர்.

"ஐயா ரத்தத்துல... ஒண்ணுமே இல்ல! சுத்தமா ஒண்ணுமே இல்ல! இத்தனை வருஷம் ஆலைக்குள்ளயே இருந்தும்! ஐயாவோட குடல் குடலே இல்ல. அது ஒரு... அது ஒரு..."

"நிறுவனம்" என்று எடுத்துக்கொடுத்தேன்.

"நிறுவனம்!"

தலைவர் அடக்கமாகத் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். "சின்ன வயசிலேர்ந்தே அது கொஞ்சம் கண்டிப்பானது" என்றார். அவருக்குக் 'குடல் திலகம்' பட்டம் வழங்குவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. தேர்வுக்குழுத் தலைவரும் அவரே என்பதால் அவர் மட்டும் சற்றுத் தயங்கி, பிறகு பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டார்.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"அவர் வயித்துல அப்படி ஒரு பாக்டீரியா இருக்குன்னா, அதை நம்ம பொண்ணு வயித்துக்கு மாத்த முடியாதா?" தங்கைக்குத் தொலைபேசி போட்டாள். "ஏண்டி, ஒருத்தர் மலத்துலேர்ந்து எடுத்து இன்னொருத்தருக்கு வைக்கிற வைத்தியம் இருக்குன்னு சொன்னியே?"

"அது வேற வியாதிக்குக்கா. இதுக்கு யாரும் பண்ணினதில்ல" என்றாள் மைத்துனி. பிறகு அவளே கேட்டாள்: "ஆனா உண்மையிலேயே ஒண்ணுமே இல்லையா? அப்படின்னா நான் கட்டாயம் அதைப் பாக்கணும்."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கே வாங்கிட்டு வாங்க."

மேலதிகாரியிடம் மனிதன் என்னென்னவோ கேட்கலாம். சம்பள உயர்வு கேட்கலாம், விடுப்பு கேட்கலாம். இதை எப்படிக் கேட்பது என்று எந்த அலுவலகக் கையேட்டிலும் இல்லை. தலைவர் அறைக்குப் போய்க் கைகட்டி நின்றேன்.

"ஐயா, தங்களோட... திண்ம ஒத்துழைப்பு கொஞ்சம் வேணும்."

"என் முழு ஒத்துழைப்பும் உனக்கு எப்பவும் உண்டுய்யா."

"முழுசா வேண்டாங்க ஐயா. ஒரு சின்ன டப்பா அளவு போதும்."

அவருக்குப் புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ ஜன்னல் பக்கம் போய் ஊரைப் பார்த்தபடி நின்றார். "ஊருக்காக உயிரையே கொடுக்கத் தயாரா இருக்கேன். இது என்ன பிரமாதம்" என்றார். "ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுக்கு வா. அவசரப்படுத்தாதே. நல்ல காரியம் மெதுவாத்தான் நடக்கும்."

ஞாயிறன்று மைத்துனி பனிக்கட்டிப் பெட்டியோடு வந்தாள். தலைவர் வீட்டு வாசலில் எங்களுக்கு முன்னாலேயே ஒரு வரிசை நின்றது. செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. ஆளுக்கொரு மூடி போட்ட கிண்ணம். "பிள்ளைக்கு உடம்பு சரியில்லைங்க, ஒரு துளி கிடைச்சாக்கூடப் போதும்" என்று ஒரு அம்மா காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. அவள் கையிலிருந்த கிண்ணம் குழந்தைக்குச் சோறூட்டும் கிண்ணம்.

உள்ளே கூடத்தில் உட்காரவைத்தார்கள். தலைவர் ஏற்கனவே 'தியாகத்தில்' இருந்தார். சுவர் அகலத்துக்கு ஒரு மீன்தொட்டி. நிறம் நிறமாய் மீன்கள். தலைவரின் மனைவி கள்ளமில்லாத சிரிப்போடு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஒரு வாய் குடித்தேன். அப்படியொரு தண்ணீர்! நாக்குக்கே முகம் கழுவிவிட்டது போல இருந்தது.

"தண்ணி ரொம்ப நல்லா இருக்கே அம்மா" என்றேன்.

"மலைத் தண்ணிப்பா! தினம் காலைல வண்டி கொண்டுவந்து இறக்கிட்டுப் போயிடும். சமையல், குளியல், எல்லாத்துக்கும் அதுதான். நாங்க இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அப்படித்தான். ஊர்த் தண்ணியில இவர் வாய்கூடக் கொப்பளிக்க மாட்டார்."

மைத்துனி தம்ளரைக் கீழே வைத்தாள். மெதுவாக, சத்தமே வராமல்.

"மீன்தொட்டிக்கு, அம்மா?" என்றாள்.

"அதுக்கும் மலைத் தண்ணிதான். முன்ன ஒரு தடவை தெரியாம வேலைக்காரப் பொண்ணு குழாய்த் தண்ணிய ஊத்திட்டா. இவர் ஆடித் தீத்துட்டார். 'மீன் செத்துப்போனா யார் பொறுப்பு?'ன்னு."

அப்போது கதவு திறந்தது. தலைவர் ஒரு டப்பாவைப் பட்டுத்துணியால் மூடி, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். எழுந்து நின்று வாங்கிக்கொண்டோம். வேறு என்ன செய்வது.

காரில் திரும்பினோம். பாலம் தாண்டும்போது மைத்துனி சொன்னாள்: "பரிசோதிக்கிறேன். ஆனா அதுல ஒண்ணும் இருக்காது மாமா. உள்ள போனாத்தானே வெளிய வரும்?"

சோதித்தாள். தலைவரின் குடலில் அதிசய பாக்டீரியா எதுவும் இல்லை. சொல்லப்போனால் சராசரிக்கும் கீழே. "பாலைவனம்" என்றாள். மனைவி அதைக் கேட்டாள். எழுந்து போய், சமையலறைக் குழாயின் திருகை இறுக்கி மூடினாள். ஏற்கனவே மூடித்தான் இருந்தது. இன்னும் இறுக்கினாள்.

"இப்போ என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

"விழா ஏற்பாடு" என்றேன். அது என் வேலை அல்லவா.

விழா நகரின் பெரிய அரங்கில் மாலையில் நடந்தது. ஊரே வந்திருந்தது. சிவப்புப் பொத்தான் பிள்ளைகளைப் பின்வரிசைகளில் உட்காரவைத்தார்கள், முன்மாதிரிகளைப் பார்த்து ஊக்கம் பெறட்டும் என்று. தொகுப்பாளன் நான். மருத்துவ ஆலோசகர் குடல் திலகத்தின் அருமை பெருமைகளைப் பேசினார். கழுத்தில் மாலை விழுந்தது. கேடயம் கைமாறியது. அதைக் குடல் வடிவில் செய்யச் சொல்லியிருந்தோம். சிற்பி கூச்சப்பட்டு நதி வடிவில் செய்துவிட்டார்.

நிகழ்ச்சி நிரல்படி அடுத்தது நன்றியுரை. நான் ஒலிவாங்கியை எடுத்தேன்.

"பெரியோர்களே! ஒவ்வொரு வெற்றிகரமான குடலுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. நம் தலைவரின் துணைவியாரை மேடைக்கு அழைக்கிறேன். அம்மா, நீங்களே சொல்லுங்க. ஐயாவோட ரத்தம் இவ்வளவு சுத்தமா இருக்கே, வீட்டுல அப்படி என்னதான் கொடுக்கிறீங்க? எங்க பிள்ளைங்களுக்கும் நாங்க அதையே கொடுப்போம்."

அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே வந்தார். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் என்னங்க சொல்றது? விசேஷமா ஒண்ணும் கொடுக்கிறதில்ல. எல்லாரும் சாப்பிடுற சாப்பாடுதான். தண்ணி மட்டும் மலைத் தண்ணி. ஊர்த் தண்ணி அவருக்குக் கொடுக்கவே மாட்டேன். அவரே தொடக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருக்கார்."

சில பேர் பழக்கத்தில் கைதட்டினார்கள். தட்டிய கை பாதியில் நின்றது. அரங்கம் முழுக்க அந்த வாக்கியத்தைத் திரும்ப ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது எனக்கு மேடையிலிருந்து தெரிந்தது.

தலைவர் விரைந்து வந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார். "தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது! இது முழுக்க முழுக்க என் குடலோட..." பாதியில் நிறுத்தி இருமினார். கை தன்பாட்டில் நீண்டு மேசைமேல் இருந்த பாட்டிலை எடுத்தது. மற்றவர்களுக்கு எவர்சில்வர் குவளை. அவர் முன்னால் மட்டும் மூடி முத்திரையிட்ட பாட்டில்.

அரங்கமே அந்தக் கையைப் பார்த்தது. கைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், அந்தரத்தில் நின்றது. குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

பின்வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "குடிங்க சார், குடிங்க! அது நல்ல தண்ணி!"

முதலில் ஒரு சிரிப்பு. பொறியாளருடையது என்று நினைக்கிறேன். அப்புறம் கூரை அதிர்ந்தது. சிரிப்பு எந்த இடத்தில் கூச்சலாக மாறியது என்று சொல்வது கடினம். என் மகள் சட்டையிலிருந்த சிவப்புப் பொத்தானைக் கழற்றினாள். எறிவதில் அவள் முதல் என்று சொன்னேன் அல்லவா. கேடயத்தின் நடுவில் 'டங்' என்று விழுந்தது. அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் ஆரம்பித்தார்கள். குடல் திலகம் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார். மிக எளிதாக, எந்த மாத்திரையும் இல்லாமல்.

மறுநாள் காலை தலைவர் வீட்டு வாசலில் மீண்டும் வரிசை. இந்த முறை கிண்ணம் இல்லை. குடம், வாளி, கேன். மலைத் தண்ணீர் வண்டி வந்ததும் யாரும் கல்லெறியவில்லை, சத்தம் போடவில்லை. ஓட்டுநருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வரிசை கலையாமல் கடைசிச் சொட்டு வரை பிடித்துக்கொண்டு போனார்கள். தொட்டிக்குக் குழாய்த் தண்ணீரே கதியாகி, தலைவர் வீட்டு மீன்கள் அன்றுதான் முழுமையாக இந்த ஊர்க்காரர்கள் ஆயின.

அப்புறம் நடந்தவை நல்லவையே. நகராட்சி குழாயை மூடி, வேறு இடத்திலிருந்து லாரியில் தண்ணீர் கொண்டுவந்தது. விசாரணை வந்தது. பொறியாளரின் கரி வடிகட்டி 'பரிசீலனை'யிலிருந்து உயிரோடு மீண்டு பின்பக்கக் குழாயில் ஏறியது. மைத்துனி, ரசாயனம் உள்ளே போவது நின்ற பிறகுதான் தன் பாக்டீரியாவுக்கு வேலை கொடுத்துப் பார்க்க முடியும் என்று நிதானமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறாள், இன்னும் எலியில்தான். என் மகளின் அளவு இறங்குகிறது. மெதுவாக, மிக மெதுவாக. ஆனால் அவள் இப்போது குளியலறையில் பாடுகிறாள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். விழாவுக்கு மறுநாள் நான் அலுவலகம் போய் நாற்காலியில் உட்கார்வதற்குள் மனிதவள அதிகாரி அழைத்தார். எப்போதும் சிரித்த முகம் அவருக்கு. அன்றும் சிரித்தார்.

"உங்கமேல தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லைங்க. ஆனா ஆலையும் ஒரு உடம்பு மாதிரிதானே. உடம்புல ஒரு நச்சு சேந்தா உடனே வெளியேத்திடணும். நாள் கடத்தினா ரத்தத்துல கலந்துடும், அப்புறம் எல்லாருக்கும் பரவும். நிர்வாகம் இதுல ரொம்பத் தெளிவா இருக்கு."

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நான் தெருவில் நின்றேன். குழு அமைக்கவில்லை. பரிசீலிக்கவில்லை. துணைக்குழு அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. நச்சு எது என்று கண்டுபிடிக்க ஓர் இரவு, அகற்ற ஒரு காலைப்பொழுது. இவ்வளவு துல்லியமான, இவ்வளவு வேகமான வெளியேற்றத்தை எந்தப் பாக்டீரியாவும் இதுவரை சாதித்ததில்லை.

ஆகவே ஊராருக்கு என் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. 'பாவம், ஆலைக்காரர்களுக்கு விஷயம் தெரியாது, அதனால்தான் இத்தனை வருஷம் ஆற்றில் விட்டுவிட்டார்கள்' என்று சிலர் பரிந்து பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். தயவுசெய்து எங்கள் ஆலையை அப்படி அவமானப்படுத்தாதீர்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும்.